தலைவலிக்குப் பிராணவாயு



யாம் மருத்துவர் அல்லோம். புகைவண்டி அலுவலகத்தில் எழுத்துப் பணி புரிபவர். ஆயினும், ஒருவர் ஒரு கண்ணைப் பொத்தியபடி நள்ளிரவில் நிலைகொள்ளாது துடிக்கக் கண்டால், "வெறும் தலைவலிதானே" என்று தள்ளிவிடலாகாது எனக் கூறவே எழுந்தோம்.

கொத்துத் தலைவலி என்னும் அந்நோய், கால அட்டவணைப்படி வரும் வண்டிபோல், பல வாரங்கள் பெரும்பாலும் குறித்த வேளையிலேயே வரும். ஒரு கண்ணைச் சுற்றியே வலிக்கும். அக்கண் சிவந்து நீர் வடியும். வலி 15 நிமிடம் முதல் 3 மணி நேரம் வரை நீடிக்கும். விழுங்கிய மாத்திரை வேலை செய்யுமுன் வலி தன் கொடுமையைக் காட்டிவிடும்.

இதற்குத் தூய பிராணவாயு நல்ல துணை. 2009-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வொன்றில், நிமிடத்துக்கு 12 லிட்டர் வீதம் 15 நிமிடம் முகமூடி வழியே சுவாசித்தபோது, நூற்றுக்கு 78 முறை வலி தணிந்தது. சாதாரணக் காற்றுக்கு 20 முறையே.

மருத்துவர் நோயை உறுதிசெய்து எழுதித் தந்த பின்பே சிலிண்டரை வீட்டில் வைத்தல் வேண்டும். அதனருகே புகைபிடித்தலும் நெருப்பும் கூடா.

துடிப்பவர் அவ்வேளையில் தாமே வழி தேட இயலார். சொந்த ஊரை விட்டு வந்த நமக்கு அண்டை வீட்டாரே உற்றார். ஆதலின், அறிந்த நாம் அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வோமாக!