மூன்றாண்டு கழித்து உலகம் கேட்ட 'ஓஷன்'



ஏற்காட்டை அடுத்த கரடியூர்ப் பார்வை முனையில், பனிமூட்டம் இறங்கும் நேரத்தில் நின்றவர்களுக்கு இது தெரிந்திருக்கும். கீழே காப்பித் தோட்டத்திலிருந்து யாரோ யாரையோ கூப்பிடுவார்கள். ஆள் தெரியாது, குரல் மட்டும் வந்து சேரும். கேட்கிறவருக்குச் சற்றே மிரட்சியாகவும் இருக்கும், அந்த இடத்தை விட்டு நகரவும் மனம் வராது. இந்த உணர்வையே பாட்டாக்குகிற ஒரு வகை இசை இருக்கிறது. 'ட்ரீம் பாப்' என்று அதைச் சொல்வார்கள். அந்த வகையில் நம் நாட்டில் பிறந்த ஒரு முதல் ஆல்பத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஆல்பத்தின் பெயர் 'ஓஷன்'. கொல்கத்தாவைச் சேர்ந்த இருவரின் படைப்பு. நிஷ்சய் பரேக் பாடுகிறார், கிட்டார் வாசிக்கிறார். ஜீவ்ராஜ் சிங் டிரம்ஸ். தங்கள் குடும்பப் பெயர்களையே சேர்த்து 'பரேக் அண்ட் சிங்' என்று குழுவுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். ஜீவ்ராஜின் தாய் ஜெயஸ்ரீ சிங், 'ஸ்கின்னி ஆலி' என்ற கொல்கத்தா ராக் குழுவின் பாடகி. தந்தை அதே குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர். கொல்கத்தாவுக்கு இப்படிப்பட்ட மேற்கத்திய இசை புதிதல்ல. அங்கே பார்க் தெரு உணவகங்களில் இரவுதோறும் மேடை இசை நடந்த காலம் உண்டு. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த நம் உஷா உதுப், சென்னை அண்ணா சாலையில் பாடத் தொடங்கி, 1969இல் அந்தத் தெருவின் 'ட்ரிங்காஸ்' மேடைக்குப் போய்ப் புகழ்பெற்றவர்தான்.

'ட்ரீம் பாப்' பாட்டில் அந்தக் கனவுத்தன்மை எங்கிருந்து வருகிறது? அதில் மாயம் ஒன்றுமில்லை, காதின் பழக்கம்தான். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். எதிரே பாறையோ சுவரோ 17 மீட்டருக்கு அப்பால் இருந்தால், திரும்பி வரும் ஒலி தனி எதிரொலியாகக் காதில் விழும். அதைவிடக் கிட்டத்தில் இருந்தால் மூல ஒலியோடு கலந்து, ஒரு நீண்ட கார்வையாகிவிடும். நேராக வரும் ஒலி குறைந்து இந்தக் கார்வை கூடும்போது, பாடுகிறவர் தொலைவில் இருப்பதாகக் காது முடிவுகட்டுகிறது. ஒலிப்பதிவுக் கூடத்தில் அந்தத் தொலைவைக் கருவிகளால் உண்டாக்குகிறார்கள். ஸ்காட்லாந்தில் 2025 வரை எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கிய கிரேஞ்ச்மவுத் என்ற ஊரிலிருந்து வந்த 'காக்டோ ட்வின்ஸ்' குழு, 1982இல் 'கார்லண்ட்ஸ்' என்ற முதல் ஆல்பத்தில் இதைத்தான் செய்தது. அதில் எலிசபெத் ஃப்ரேசரின் குரல் ஒரு குகைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். அவர் பாடும் சொற்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கே பல இடங்களில் பிடிபடாது. ஆகவே ஆங்கிலப் பாட்டு நமக்கு எட்டாது என்று யாரும் ஒதுங்க வேண்டியதில்லை.

'ஓஷன்' அவ்வளவு இருண்டதல்ல. பரேக் குரலை உயர்த்துவதே இல்லை. பக்கத்து அறையில் தூங்குகிற குழந்தை விழித்துவிடக் கூடாது என்கிற மாதிரி பாடுகிறார். சிங்கும் குச்சியை ஓங்குவதில்லை. 'கோஸ்ட்' என்ற பாட்டைக் கேளுங்கள். தலைப்பு பேயைச் சொன்னாலும் பயமுறுத்தாது. ஆனால் பாட்டு முடிந்த பிறகும் அதன் மெட்டு நம்மை விட்டுப் போகாது. என் கணிப்பில், அதிகம் பேசப்பட்ட 'ஐ லவ் யூ பேபி, ஐ லவ் யூ டால்' பாட்டைவிட இதுவே ஆழமானது. அந்தப் பாட்டு பரவியதில், இருவரும் வண்ண வண்ணக் கோட்டு சூட்டில் வரும் அழகான காணொளிக்கும் பங்குண்டு.

இந்த ஆல்பம் முதலில் 2013இலேயே, நிஷ்சய் பரேக்கின் பெயரில் வெளிவந்துவிட்டது. கேட்டவர்கள் ஒரு சிறு வட்டம்தான். பிறகு பிரிட்டனின் 'பீஸ்ஃப்ராக்' நிறுவனம் அதை எடுத்து, 2016 அக்டோபரில் குழுவின் பெயரில் மறுபடி வெளியிட்டது. அதன்பின்தான் அயல்நாட்டுக் காதுகளுக்கு அது எட்டியது. மூன்று ஆண்டுகளில் பாட்டு மாறிவிடவில்லை, கேட்க ஆள் கிடைத்தார்கள், அவ்வளவுதான். 2019இல் அவர்கள் வெளியிட்ட அடுத்த ஆல்பத்துக்குத் தங்கள் ஊரில் உள்ள 'சயின்ஸ் சிட்டி' அறிவியல் மையத்தின் பெயரையே வைத்தார்கள்.

இதை ஏன் சேர்வராயன் மலையடிவாரத்து நேயர்களிடம் சொல்கிறேன்? நம்மிடையே பாட்டு என்றாலே சினிமாப் பாட்டு. 1986இல் இளையராஜாவே படத்துக்கு வெளியே 'ஹவ் டு நேம் இட்' என்று ஓர் ஆல்பம் செய்ய வேண்டியிருந்தது, தன் மனத்தில் இருந்த இசைக்கு இடம் தேடி. சென்னையில் 'தி எஃப்16ஸ்', 'குரங்கன்' போன்ற குழுக்கள் படங்களுக்கு வெளியே தம் பாட்டைத் தாமே ஆக்கியவை. இவர்களுக்குக் கதாநாயகனும் இல்லை, முதல் நாள் முதல் காட்சியும் இல்லை. கேட்கிறவரின் பொறுமை ஒன்றுதான் துணை.

நேயர்களே, இந்த வாரம் ஒரு மாலை, 'ஓஷன்' ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை இடையில் நிறுத்தாமல் கேளுங்கள். அடுத்த மாலை, தமிழ்நாட்டுக் குழு ஒன்றின் முதல் ஆல்பத்தை அதேபோல் கேளுங்கள். பிடித்திருந்தால் காசு கொடுத்து வாங்குங்கள். அவர்களுக்கு இரண்டு வரி எழுதியும் போடுங்கள்.