போர்ட்டிக்சனில் நாம் பார்க்காத போர்ட்டிக்சன்



எனக்கு முன் பேசிய நண்பர் லங்காவியையும் ரெடாங் தீவையும் அழகாக வருணித்தார். வசதி உள்ளவர்கள் போகட்டும், தவறில்லை. நான் பேச வந்தது நம் எல்லோருக்கும் தெரிந்த போர்ட்டிக்சனைப் பற்றி. தெரிந்த ஊர் என்று சொல்கிறோமே, அதில்தான் எனக்குச் சந்தேகம்.

தோட்டத்தில் இருந்த காலத்தில் சுற்றுலா என்றால் தெலுக் கெமாங்தான். விடியற்காலை நான்கு மணிக்கே அம்மா எழுந்து புளிச்சோறு கிளறுவார். கோழிப் பிரட்டல் பெரிய தூக்கில் வரும். பஸ்ஸில் ஒரே பாட்டு. இறங்கியதும் பாயை விரிப்போம், சாப்பிடுவோம், தண்ணீரில் ஊறிக் கிடப்போம், மணலோடு பஸ் ஏறுவோம். அடுத்த வருடமும் அதே இடம், அதே மர நிழல். அதைவிட இனிய நாள் எனக்கு இருந்ததில்லை. ஆனால், அந்த மர நிழலைத் தாண்டி நாங்கள் போனதே இல்லை.

திரும்பும் நேரத்தில் இருட்டிவிடும். தெற்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் காட்டின் மேல் ஒரு வெளிச்சம் மின்னி மின்னி மறையும். "அது என்னப்பா?" என்று கேட்டால், "கப்பலுக்குக் காட்டுற லைட்டு" என்பார் அப்பா. "ஒரு தடவை கிட்டப் போய்ப் பார்க்கணும்" என்றும் சொல்வார். பஸ் புறப்பட்டுவிடும்.

அந்த இடம் தஞ்சோங் துவான். நாலாபுறமும் நெகிரி செம்பிலான் நிலம், கடல். ஆனால் அந்தக் காடு மட்டும் மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தம். உள்ளே இருக்கும் கலங்கரை விளக்கம் 1863இல் கட்டப்பட்டது. தார் பாதையில் நிதானமாக நடந்தால் அரைமணி நேரத்துக்குள் மேலே போய்விடலாம்.

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் போனால் வானத்தைப் பாருங்கள். குளிர்காலத்தைச் சுமத்ராவில் கழித்த தேன்பருந்துகள் வடக்கே ஊர் திரும்பும் காலம் அது. பருந்து இறக்கையை அதிகம் அடிக்காது. நிலத்திலிருந்து எழும் வெப்பக் காற்றில் ஏறி மிதந்தே போகும். கடலின் மேல் அந்தக் காற்று போதாது. ஆகவே நீரிணை ஒடுங்கிய இடமாகப் பார்த்துக் கடக்கிறது. இங்கிருந்து எதிரே இருக்கும் ரூப்பாட் தீவு 40 கிலோமீட்டருக்கும் குறைவு. களைத்துப்போய், மரத்தின் உச்சியை உரசுவதுபோல் தாழ்வாக வந்து சேரும். இதைக் காட்டுவதற்காகவே மலேசிய இயற்கைச் சங்கம் 2000ஆம் ஆண்டில் ஒரு விழாவைத் தொடங்கியது. நான் போன வருடம் அங்கே நம்மவர் முகங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இராணுவ அருங்காட்சியகம் இருக்கிறது. பீரங்கி வண்டிகளைப் பார்த்தால் பையன்கள் வீட்டுக்கு வரமாட்டார்கள். லுக்குட்டில் ஈயச் சுரங்கக் காலத்துக் கோட்டை இருக்கிறது. பெங்காலான் கெம்பாஸ் என்ற சிற்றூரில் 1467ஆம் ஆண்டுக் கல்வெட்டு நிற்கிறது. அதில் ஒரு பக்கம் ஜாவி, இன்னொரு பக்கம் காவி எழுத்து. அந்தக் காவி எழுத்து பல்லவர் எழுத்திலிருந்து கிளைத்தது. காஞ்சிபுரத்துக்கு விமானம் ஏறிப் போகிற நாம் இந்தக் கல்லைப் பார்க்க கார் ஏறுவதில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கடலில் இறங்கும் பிள்ளைகள் மேல் கண் வையுங்கள். பெரியவர்கள் சீட்டாட்டத்தில் இருக்கும்போதுதான் அலை இழுத்துக்கொண்டு போகிறது. பள்ளி விடுமுறை முடிந்ததும் பத்திரிகையில் வரும் அந்தச் செய்திக்கு யாரைக் குறை சொல்வது? சாப்பிட்ட பொட்டலத்தையும் மணலில் புதைக்காமல் எடுத்து வாருங்கள்.

அப்பாவை நான் தஞ்சோங் துவானுக்கு அழைத்துப் போனபோது அவருக்கு எழுபத்திரண்டு வயது. முழங்கால் ஒத்துழைக்கவில்லை. பாதி ஏற்றத்தில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். "நீங்க போங்க, பார்த்துட்டு வந்து சொல்லுங்க" என்றார். என் மகன்தான் ஓடிவந்து சொன்னான்: "தாத்தா, வெள்ளையா இருக்கு, நீங்க சொன்ன அளவுக்குப் பெரிசு இல்லை." அப்பா சிரித்தார். வெகுநேரம் அந்த மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுவர் மணி அடித்துவிட்டார்.