தண்டனை இல்லைன்னா குடியுரிமைன்னு அர்த்தம் இல்லை!

(திண்டிவனத்தில் நடந்த விழுப்புரம் மாவட்ட ஐ.டி. விங் பயிற்சி வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



"இலங்கைத் தமிழர்களுக்குக் குடியுரிமை கிடைச்சாச்சு"ன்னு ஒரு ஃபார்வர்டு நம்ம குரூப்ல இன்னமும் சுத்திக்கிட்டு இருக்கு. அது தப்பு. ஏன் தப்புன்னு தெரிஞ்சுக்கிட்டு இங்கிருந்து கிளம்புங்க.

இங்கிருந்து மரக்காணம் போய், ஈ.சி.ஆர்.ல புதுச்சேரி பக்கம் திரும்பினா கீழ்ப்புத்துப்பட்டு. அங்கே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கு. 2021 கணக்குப்படி தமிழ்நாடு முழுக்க முகாம்ல சுமார் 58 ஆயிரம் பேர், வெளியில பதிவு பண்ணி இருக்கிறவங்க சுமார் 34 ஆயிரம் பேர்.

இவங்க அகதின்னு எந்தச் சட்டப்படி விண்ணப்பிச்சாங்க? அப்படி ஒரு சட்டமே இந்தியாவில் கிடையாது. 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் நாம கையெழுத்துப் போடலை. 1983 கலவரத்துக்குப் பிறகு படகுல வந்தவங்களை மண்டபம் முகாமில் பதிவு பண்ணி, கியூ பிராஞ்ச் விசாரிச்சு, ஊர் ஊரா முகாமுக்கு அனுப்பினாங்க. எல்லாமே அரசாணையில் ஓடுது, சட்ட உரிமையா இல்லை. 2022ல் பொருளாதார நெருக்கடியில் தனுஷ்கோடி வந்து இறங்கினவங்களை மண்டபத்தில் தங்க வைச்சாங்க. ஆனா அகதின்னு பதிவு பண்ணலை. அதே கடல், அதே மக்கள், ஆணை மட்டும் வேற.

இப்போ புதுச் சட்டத்துக்கு வருவோம். 1946 வெளிநாட்டினர் சட்டம் உட்பட நாலு பழைய சட்டத்தைத் தூக்கிட்டு, குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் 2025 செப்டம்பர் 1ல் அமலுக்கு வந்தது. பாஸ்போர்ட், விசா இல்லாம நுழைஞ்சா 5 வருஷம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். கூடவே ஒரு விலக்கு ஆணை: 2015 ஜனவரி 9 வரைக்கும் இங்கே தஞ்சம் புகுந்து, பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு இந்தத் தண்டனை பொருந்தாது. நல்ல விஷயம்தான். ஆனா அந்த ஆணை சொல்றது அவ்வளவுதான். ஜெயிலுக்கு அனுப்ப மாட்டோம்னு சொல்லுது, குடிமகன்னு சொல்லலை.

குடியுரிமைச் சட்டத்தில் "சட்டவிரோதக் குடியேறி" என்ற வார்த்தை 2003 திருத்தத்தில் வந்தது. அந்த முத்திரை இருந்தா குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவே முடியாது. 2019 சி.ஏ.ஏ. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவங்களுக்கு, அதுவும் முஸ்லிம்களை விட்டுட்டு, இந்த முத்திரையை எடுத்துச்சு. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை.

என்கூட இன்ஜினியரிங் படிச்ச நண்பன் ஒருத்தன் முகாம்ல பிறந்தவன். அப்பா, அம்மா 1990ல் படகுல வந்தவங்க. இலங்கையை அவன் பார்த்ததே இல்லை. வேலைக்கான படிவத்தில் "குடியுரிமை"ன்னு இருந்த கட்டத்தில் என்ன எழுதுறதுன்னு என்கிட்ட கேட்டான். என்கிட்ட பதில் இல்லை. சட்டத்துக்கிட்டயும் இல்லை.

ஆனா சில பேருக்குப் பதில் இருக்கு. இதை மட்டும் நோட் பண்ணிக்கோங்க:

👉 1987 ஜூலை 1க்கு முன்னாடி இந்தியாவில் பிறந்தவங்க, பெற்றோர் யாரா இருந்தாலும் பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள். 1986ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022ல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 தேர்தல்ல அவங்க ஓட்டும் போட்டாங்க.

👉 1987 ஜூலை 1லிருந்து 2004 டிசம்பர் 2 வரை இங்கே பிறந்தவங்களுக்கு, பிறந்த நேரத்தில் அப்பா அம்மாவில் ஒருத்தர் குடிமகனா இருந்தா போதும். அதாவது, அம்மா 1985ல் முகாமில் பிறந்தவங்கன்னா, 2004 நவம்பரில் பிறந்த பிள்ளையும் குடிமகன்தான்!

👉 அதுக்கு அப்புறம் பிறந்தவங்களுக்கு ஒருத்தர் குடிமகனா இருந்து, இன்னொருத்தர் சட்டவிரோதக் குடியேறியா இருக்கக் கூடாது. இங்கேதான் கதவு மூடுது.

அதனால நம்ம வேலை ரெண்டு. ஒண்ணு, முகாமுக்குப் போங்க. பிறந்த தேதியையும் பிறப்புச் சான்றிதழையும் பாருங்க. சான்றிதழ் இல்லாதவங்களை வாங்க வைங்க. பாஸ்போர்ட் நிராகரிச்சா விழுப்புரம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குக் கூட்டிட்டுப் போங்க, பெண்கள், ஏழைகளுக்கு வக்கீல் இலவசம். போட்டோ எடுத்துப் போடாதீங்க, அவங்க விவரம் எதையும் குரூப்ல பகிராதீங்க.

ரெண்டாவது, நம்ம கோரிக்கையைச் சரியா எழுதுங்க. "அகதிகளுக்கு உதவுங்கள்"னு இல்லை. "பதிவு செய்த இலங்கைத் தமிழர்களைச் சட்டவிரோதக் குடியேறி என்ற வரையறையிலிருந்து நீக்கு!" நாடாளுமன்றம் நினைச்சா ஒரு திருத்தம் போதும். மூணு நாட்டுக்காரங்களுக்குச் செய்ய முடிஞ்சதை, நம்ம ஊர்ல 40 வருஷமா இருக்கிறவங்களுக்குச் செய்ய முடியாதா?

அந்த ஃபார்வர்டு உங்க குரூப்ல வந்தா, பதிலுக்கு இதைப் போடுங்க தோழர்களே.

#இலங்கைத்தமிழர்_குடியுரிமை