நீராடலும் நீர்ச்சிக்கனமும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியன் பேச வந்தால் இலக்கியப் பொருளொன்றை விரித்துரைப்பான் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். யாமோ இன்று குளியலறையைப் பற்றிப் பேசத் துணிந்தோம். நகைப்போர் நகைக்கலாம். நாடோறும் காலையில் தன் வீட்டில் நிகழ்வதை ஆராயாதவன் நாட்டுக்கு நலங்கூறப் புகுதல் பொருந்தாது. அன்றியும், ஈண்டுக் கூறப்படும் குற்றத்தில் யாமே நெடுநாள் பழகியவர். ஆதலின் இதனை அறிவுரையாகக் கொள்ளாது எம் ஒப்புதலுரையாகக் கொள்ள வேண்டுகின்றோம்.

முதற்கண் ஒரு சொல்லை நோக்குவோம். 'குளித்தல்' என்பதற்கு மூழ்குதல் என்பது பொருள். கடலுள் மூழ்கி முத்தெடுத்தலை முத்துக்குளித்தல் என வழங்குவதால் இஃது இனிது விளங்கும். நம் முன்னோர் ஆற்றிலும் குளத்திலும் இறங்கி மூழ்கினர். ஒருவர் ஒரு நாழிகை நீரில் திளைத்தாலும், அவர் கரையேறிய பின்னர் நீர் குளத்திலேயே நின்றது. அக்குளங்களில் இறங்க எல்லார்க்கும் இடமில்லாதிருந்த கொடுமையையும் யாம் மறைக்க விரும்பவில்லை. 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, பொதுக் கிணறு, குளம், நீராடுதுறை முதலியவற்றைப் பயன்படுத்துவதினின்றும் சாதி முதலிய காரணங்களால் எவரையும் விலக்கலாகாது என விதித்தது. நீர் ஒரு குலத்தின் தனியுடைமை அன்று. பணமுடைய ஒரு வீட்டின் தனியுடைமையும் அன்று.

பண்டு நாம் நீரிடம் சென்றோம். இன்று நீர் நம்மிடம் வருகின்றது. நெடுநேரம் நீராடும் வழக்கத்தை வைத்துக்கொண்டோம், குளத்தை விட்டுவிட்டோம். ஷவரின்கீழ் நிற்போர்மீது விழும் நீர் ஒருமுறை உடலைத் தொட்டுவிட்டுச் சாக்கடையை அடைகின்றது. பழக்கம் பழையதேயாயினும் அதன் விளைவு முற்றும் மாறிவிட்டது. இதனை யாம் உணர்ந்த வரலாற்றைச் சொல்லுகின்றோம்.

2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் வழங்கும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. எம் குடியிருப்பில் லாரி நீரை விலைகொடுத்து வாங்கித் தொட்டியை நிரப்பினர். ஆதலால் எம் வீட்டுக் குழாய் வற்றவில்லை. யாமும் எம் காலைக் குளியலைக் குறைக்கவில்லை. அக்காலத்தில் எம் வகுப்பு மாணவி ஒருத்தி மூன்று நாள் தொடர்ந்து தாமதமாய் வந்தாள். யாம் காரணம் வினவாது அவளை வெளியே நிறுத்தினோம். மூன்றாம் நாள் வினவியபோது, "லாரி வந்துச்சு ஐயா. அம்மா வேலைக்குப் போயிட்டாங்க. நான்தான் தண்ணி பிடிக்கணும்" என்றாள். அன்று யாம் நடத்திக்கொண்டிருந்த பாடமோ திருக்குறளின் இரண்டாம் அதிகாரமாகிய வான்சிறப்பு! மேலே ஒரு சொல்லும் எழாமல், அவளை உள்ளே வந்து அமரச் சொன்னோம்.

அன்று மாலை ஒரு வாளியையும் கடிகாரத்தையும் கொண்டு எம் ஷவரை அளந்தோம். நிமிடத்திற்கு 10 லிட்டர் வீழ்ந்தது. யாம் நாடோறும் 10 நிமிடம் நின்றோம். அஃதாவது 100 லிட்டர். நகரில் வாழும் ஒருவர்க்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் வேண்டுமென அரசினர் வகுத்த கணக்கில் குளியலுக்கு உரியது 55 லிட்டரே. குடிப்பதற்கு 5, சமையலுக்கு 5. ஒருவர் பல நாள் குடிக்கும் நீரை யாம் ஒரு காலையில் ஒழுகவிட்டோம்.

அவ்வாண்டு ஜூலை 12-இல் சோலையார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்திற்கு நீர் ஏற்றிய முதல் ரயில் வந்தது. 50 வண்டிகளில் 25 லட்சம் லிட்டர் நீர், 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவைக் கடந்து வந்தது. எம்மைப்போல் 100 லிட்டர் கொட்டிக் குளிப்போர் 25,000 பேர் இருப்பின், அந்த ரயில் நீர் முழுவதும் ஒரு காலைப்பொழுதில் தீர்ந்துவிடும்.

இனிச் செய்யத்தக்கவை யாவை? நீராடலைக் குறைத்து அழுக்கோடிருங்கள் என்று யாம் கூறவில்லை. எண்ணெய் முழுக்கையும் விடச் சொல்லவில்லை. வாளியும் செம்பும் கொண்டு குளித்தால் 18 லிட்டர் கொள்ளும் வாளி இரண்டு ஒருவர்க்குச் சாலும். ஷவரை விட மனமில்லாதோர் சோப்புத் தேய்க்கும்போதேனும் அதனை நிறுத்துக. சொட்டும் குழாயின்கீழ் ஓரிரவு ஒரு பாத்திரம் வைத்துப் பாருங்கள். காலையில் அப்பாத்திரமே உங்களைப் பழுதுபார்க்கச் செய்யும். அரிசி கழுவிய நீரைச் செடிக்கு ஊற்றுக. இடமுள்ள வீட்டில் குளியலறை நீரை வாழைக்கோ கல்வாழைக்கோ பாய்ச்சுக. 2003-இல் தமிழ்நாட்டுக் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அதனை அமைத்ததோடு நம் கடமை முடிந்துவிடாது; ஐப்பசி மழைக்கு முன் ஆண்டுதோறும் அதனைத் தூய்மை செய்தல் வேண்டும்.

நால்வர் வாழும் வீட்டில் ஒவ்வொருவரும் 100 லிட்டரை விடுத்து 36 லிட்டரில் குளிப்பின், நாளொன்றுக்கு 256 லிட்டர் மிஞ்சும். குடமொன்றுக்கு 15 லிட்டராகக் கொண்டால் அஃது ஏறக்குறைய 17 குடம். அம்மாணவி அத்தனை குடத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுமந்து படியேறியிருப்பாள்! தொட்டியில் மிஞ்சும் நீர் தானே நடந்து அவள் வீட்டிற்குப் போகாது என்பது உண்மையே. ஆனால் நாம் வாங்கும் லாரிகள் குறைந்தால், அந்நீரை இறைக்கும் ஊர்களின் கிணறுகளுக்குச் சுமை குறையும். பொதுவில் வழங்கத்தக்க நீரும் மிகும்.

அன்பர்களே! யாம் வேண்டுவது ஒன்றே. இவ்வாரம் உங்கள் வீட்டுக் குளியலை ஒருமுறை அளந்து பாருங்கள். அளவை ஒரு தாளிற் குறித்து அடுத்த கூட்டத்திற்குக் கொணருங்கள். எம் வீட்டுக் கணக்கோடு யாமும் வருவோம்.