கித்தார் பெட்டிக்கு மாற்று ஸ்பீக்கர்

லகாட்டிலோ ஈப்போவிலோ இசைக்குழு நடத்தும் இளைஞர்கள், கித்தார் பெட்டியில் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கிழிந்துவிட்டால், எத்தனை வாட் என்றே முதலில் கேட்பதுண்டு. நாம் முதலில் பார்க்கவேண்டியது ஓம் அளவு.

இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களைப் பக்க இணைப்பில் பூட்டினால் மொத்தம் 4 ஓம். தொடர் இணைப்பில் 16 ஓம். ஆம்பிளிபையர் 8 ஓம் கேட்டால், 16 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டைப் பக்க இணைப்பில் பூட்டுவோம். ஓம் குறைந்தால் மின்னோட்டம் மிகுந்து டிரான்சிஸ்டர்கள் எரிந்துவிடக்கூடும். வால்வு ஆம்பிளிபையருக்கோ அளவு பொருந்தியே ஆகவேண்டும்.

அடுத்தது வாட். 50 வாட் ஆம்பிளிபையரில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 25 வாட் பங்கு. 40 வாட் தாங்குவதாக வாங்குவோம்.

பிறகு டெசிபல். 3 டெசிபல் குறைந்த ஸ்பீக்கரில் அதே ஓசையைப் பெற இருமடங்கு மின்திறன் வேண்டும்.

ஆகவே கடைக்குப் புறப்படுமுன், ஆம்பிளிபையரின் பின்புறம் அச்சிட்டுள்ள எண்களைக் குறித்துக்கொள்வோம்.