அழுதவர்கள் கேட்ட கேள்வி
(நித்திய ஆக்கினை குறித்த இறையியல் கருத்தரங்கின் தலைமையுரை)



1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து பிரான்சிஸ் சவேரியார் ஐரோப்பாவில் இருந்த தம் தோழர்களுக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். முத்துக்குளித்துறையில் நம் பரதவ மக்களிடையே பாடுபட்டவர், அப்போது ஜப்பானிலிருந்து திரும்பியிருந்தார். அங்கே ஞானஸ்நானம் பெற்றவர்களை வாட்டிய துயரம் ஒன்றை அதில் சொல்கிறார். இறந்துபோன தங்கள் தாய் தகப்பன், பிள்ளைகள், முன்னோர் எல்லாம் எங்கே இருக்கிறார்கள் என்று அவர்கள் கேட்டார்கள். ஜெபித்தாலோ தர்மம் செய்தாலோ அவர்களை மீட்க முடியாதா என்று கேட்டார்கள். நரகத்திலிருந்து மீட்பு இல்லை என்று சவேரியார் சொன்னார். அவர்கள் அழுதார்கள். அந்த அழுகையைப் பார்த்துத் தமக்கும் மனம் நொந்தது என்று அவரே எழுதுகிறார்.

நான் முதன்முதலில் பொறுப்பேற்ற சபையில் ஓர் அம்மா ஞானஸ்நானம் பெற்று ஓராண்டுகூட ஆகவில்லை. அவருடைய தாயார் காலமானார். கடைசிவரை தம் குலசாமியைக் கும்பிட்டு வாழ்ந்த மூதாட்டி. துக்கம் கேட்கப் போயிருந்தேன். "ஐயா, எங்கம்மா இப்ப எங்க இருப்பாங்க?" என்றார் மகள். மனப்பாடமாக வைத்திருந்த வசனத்தைச் சொன்னேன். அவர் அடுத்த ஞாயிறும் கோயிலுக்கு வந்தார். அதன் பிறகும் தவறாமல் வந்தார். ஆனால் அந்தக் கேள்வியை என்னிடம் மறுபடி கேட்கவே இல்லை. அவர் கேட்காமல் விட்டதுதான் இத்தனை ஆண்டுகளாக என் நெஞ்சில் கிடக்கிறது.

இந்தக் கருத்தரங்கில் கட்டுரை வாசிப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: அந்த அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்து வாசியுங்கள்.

முதலில் சொற்கள். எபிரெய வேதத்தில் 'ஷியோல்' என்று அறுபத்தைந்து இடங்களில் வருகிறது. நல்லவரும் கெட்டவரும் இறந்தபின் இறங்கும் இருண்ட இடம் அது. நம் வேதாகமம் பெரும்பாலும் பாதாளம் என்கிறது. 'கெகன்னா' வேறு. புதிய ஏற்பாட்டில் பன்னிரண்டு முறை வரும் அச்சொல்லில் பதினொன்று இயேசுவின் வாயிலிருந்து வருபவை. பவுல் ஒருமுறைகூட அதைச் சொல்வதில்லை. கெகன்னாவை நாம் எரிநரகம் என்று மொழிபெயர்த்தோம். நரகம் என்ற சொல்லோடு இந்த மண்ணின் நினைவுகளும் சேர்ந்து வந்துவிட்டன. பாரதத்தின் முடிவில் தருமர் காணும் நரகம் கொஞ்ச நேரத்தில் கலைந்துவிடுகிறது. வினை தீர்ந்தால் வெளியேறலாம் என்பதே இங்கே கேட்டுப் பழகிய கணக்கு. அந்தக் காதுகளுக்குச் சொல்லவேண்டியிருந்ததால் 'நித்திய' என்ற அடைமொழியின் பாரம் நம் மொழியில் இன்னும் கூடிவிட்டது என்பது என் எண்ணம்.

கெகன்னா என்பது எருசலேமுக்குத் தெற்கே இன்றும் இருக்கும் இன்னோம் பள்ளத்தாக்கு. அங்கே எப்போதும் குப்பை எரிந்துகொண்டிருந்தது, அதைத்தான் இயேசு உவமையாக்கினார் என்று பிரசங்க பீடங்களில் கேட்டிருப்பீர்கள். நானும் அப்படிப் பிரசங்கித்திருக்கிறேன். அந்தச் செய்திக்குக் கிடைக்கும் முதல் சாட்சி 1200-ஐ ஒட்டி வாழ்ந்த ரபி தாவீது கிம்கியின் உரைதான்; இயேசுவின் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியது. வேதமே சொல்லும் வரலாறு இதைவிடக் கொடியது. அந்தப் பள்ளத்தாக்கின் தோப்பேத்தில் பெற்றவர்களே தங்கள் பிள்ளைகளைத் தீயில் இட்டார்கள். யோசியா ராஜா அந்த இடத்தைத் தீட்டாக்கினார். எரேமியா அதைப் பற்றிப் பேசும்போது, இப்படி ஒன்றைத் தாம் கட்டளையிடவில்லை, அது தம் மனதில் தோன்றவும் இல்லை என்று தேவன் சொல்வதாக அறிவிக்கிறார். பிள்ளைகளை நெருப்பில் போடுவது கடவுளின் மனதிலேயே தோன்றாதது என்று அறிவிக்கப்பட்ட இடத்தின் பெயரை நாம் எதற்குப் பயன்படுத்திக்கொண்டோம்? எந்தக் கட்சியைச் சேர்ந்தவராயினும் இதை ஒருமுறை நின்று யோசித்துவிட்டுத்தான் கடக்கவேண்டும்.

கட்சிகள் மூன்று. முடிவில்லாத வேதனை என்பது ஒன்று. கெட்டவர்கள் இறுதியில் இல்லாமலே போவார்கள், இரண்டாம் மரணம் மரணமேதான் என்பது இன்னொன்று. 1988-இல் ஜான் ஸ்டாட் அதன் பக்கம் தயக்கத்தோடு சாய்ந்தபோது, சுவிசேஷக வட்டாரத்தில் அவரை நேசித்தவர்களே அதிர்ந்தார்கள். எல்லாரும் கடைசியில் மீட்கப்படுவர் என்பது மூன்றாவது. மூன்று தரப்பாரும் வேதத்திலிருந்தே பேசுகிறார்கள். மத்தேயு 25-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் ஆக்கினைக்கும் ஜீவனுக்கும் 'அயோனியோஸ்' என்ற ஒரே சொல் வருகிறது. ஒன்று முடியுமென்றால் மற்றதும் முடியுமே என்பது அகுஸ்தீனாரின் வாதம். அதன் வலிமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். யுகம் என்ற பெயர்ச்சொல்லிலிருந்து பிறந்தது அயோனியோஸ், வரும் யுகத்துக்குரியது என்பதே அதன் பொருள், கால அளவு அதில் இல்லை என்கிறார்கள் மறுப்பவர்கள். இதற்கென்றே ஓர் அமர்வு இருப்பதால் நான் விலகிக்கொள்கிறேன்.

அகுஸ்தீனாரிடம் எனக்குப் பிடித்தது வேறொன்று. 'கடவுளின் நகரம்' நூலின் 21-ஆம் புத்தகத்தில், தண்டனை முடிவற்றது என்பதை ஏற்காதவர்களை அவர் "நம்முடைய இரக்கமுள்ளவர்கள்" என்ற பொருளில் அழைக்கிறார். அவர்களோடு சமாதானமாக வாதிடவேண்டும் என்கிறார். அவர்கள் சொல்வதை அவர் மறுக்கிறார், விடாமல் மறுக்கிறார். ஆனால் 'நம்முடைய' என்ற சொல்லை எடுத்துவிடவில்லை.

அவருக்குச் சற்று முன் வாழ்ந்த நீசாவின் கிரெகோரி எதிர்க்கரையில் நின்றவர். அவருடைய 'ஆன்மாவும் உயிர்த்தெழுதலும்' என்ற உரையாடல் பிறந்த சூழலைப் பாருங்கள். அண்ணன் பசிலியார் இறந்துவிட்டார். துக்கத்தோடு அக்கா மக்ரினாவிடம் போகிறார். அக்காவும் மரணப் படுக்கையில் கிடக்கிறாள். மூச்சிரைக்க அவள் தம்பிக்குப் பாடம் சொல்கிறாள்: பொன்னைப் புடமிடும் நெருப்பு அது, தீமை எரிந்து தீரும், முடிவில் கடவுளே எல்லாவற்றிலும் எல்லாமாயிருப்பார். கேட்டவரும் துக்கத்தில் இருந்தவர், சொன்னவளும் சாகக் கிடந்தவள். அந்தப் பாடத்தை அந்தத் துக்கத்திலிருந்து பிரித்து என்னால் வாசிக்க முடிவதில்லை.

பிறகு வந்தது அரண்மனை. 543-இல் பேரரசர் ஜஸ்டீனியன், முற்கால இறையியலாளர் ஒரிஜனின் பெயரோடு ஒட்டிய இந்த நம்பிக்கையை ஆணையிட்டுக் கண்டித்தார். ஒரிஜன் இறந்து அதற்குள் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. 1853-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி எஃப். டி. மாரிஸைப் பேராசிரியர் பதவியிலிருந்து நீக்கியது. நித்தியம் என்றால் முடிவில்லாத காலம் என்று அவர் ஒப்பவில்லை. 1864-இல் பிரிட்டனின் பிரிவி கவுன்சில், ஆங்கிலத் திருச்சபைக் குருவானவர் ஒருவர் முடிவில்லாத தண்டனையை நம்பியே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை எனத் தீர்ப்பளித்தது. அதை எதிர்த்துச் சுமார் 11,000 குருமார் கையெழுத்திட்டார்கள். ஆணை, பதவிநீக்கம், தீர்ப்பு, கையெழுத்து. அழுதவர்களுக்கு இவற்றில் ஒன்றும் பதில் சொல்லவில்லை.

நான் எங்கே நிற்கிறேன் என்பதை மறைக்கமாட்டேன். மக்ரினாவின் பக்கம்தான் என் நம்பிக்கை. அதைக் கோட்பாடாகப் பிரகடனம் செய்யும் துணிவு எனக்கில்லை. ஜெபமாகச் சொல்லும் உரிமை உண்டு என்று நம்புகிறேன். ஆனால் நரகத்தை ஒரு கையசைப்பில் கலைத்துவிடுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். 1968 டிசம்பர் 25 இரவு, நாம் கிறிஸ்துமஸ் கொண்டாடிய அதே இரவு, கீழவெண்மணியில் நாற்பத்துநான்கு பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், பிள்ளைகள். அந்த வழக்கில் தண்டனை பெற்ற நிலக்கிழார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. அந்தக் குழந்தைகளின் தாய்மாருக்கு, "எல்லாரும் கடைசியில் ஒரே பந்தியில் உட்காருவார்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு வாய் வராது. வாசலில் பருக்களோடு கிடந்த லாசருவுக்கு நியாயம் வேண்டும். எரித்தவன் தான் எரித்ததை எரிக்கப்பட்டவர்களின் கண்ணால் பார்க்கவேண்டும். அது எத்தனை யுகம் எடுத்தாலும் சரி. கிரெகோரியின் நெருப்பும் இதமான நெருப்பில்லை. நியாயத்தீர்ப்பு இல்லாத மீட்பை அவர் சொல்லவே இல்லை.

இன்னொரு செய்தி. 1979-இல் அதே இன்னோம் பள்ளத்தாக்கின் சரிவில், பழைய கல்லறைக் குகை ஒன்றில் இரண்டு சிறு வெள்ளிச் சுருள்கள் கிடைத்தன. பிரித்துப் படிக்கவே ஆண்டுகள் ஆயின. எண்ணாகமம் ஆறாம் அதிகாரத்தில் உள்ள ஆசாரியரின் ஆசீர்வாதம், நாம் ஆராதனை முடிவில் சொல்கிறோமே அதுதான், அவற்றில் பொறிக்கப்பட்டிருந்தது. சவக்கடல் சுருள்களைவிடப் பல நூற்றாண்டு மூத்தவை. வேத வாசகம் தாங்கி நமக்குக் கிடைத்தவற்றில் இவையே மிகப் பழையவை. எரேமியா வாழ்ந்த காலத்தை ஒட்டி, அந்தப் பள்ளத்தாக்கின் சரிவில், யாரோ தங்கள் இறந்தவரோடு அந்த ஆசீர்வாதத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

முதல் அமர்வு மத்தேயு 25-ஆம் அதிகாரம் பற்றியது. கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.