காட்டுக்குப் போய் வந்தால் உடம்பைப் பாருங்கோ

(ஆராவில் புதிதாக வந்த குடும்பங்களின் பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு ஒரு சின்னச் சீவனைப் பற்றித்தான் கதைக்கப் போகிறேன். ஊரில் மாட்டிலும் நாயிலும் ஒட்டியிருக்கும் உண்ணியை எல்லோரும் கண்டிருப்பீர்கள். டொச்சில் அதைச் 'செக்க' என்பார்கள். இங்குள்ள உண்ணி மனிதரைக் கடிக்கும்; அந்தக் கடியால் இரண்டு பாரதூரமான வருத்தங்கள் வரலாம்.

சுவிசில் பாடசாலைப் பிள்ளைகளைக் காட்டுக்கும் கூட்டிக்கொண்டு போவார்கள், பாலர் வகுப்பையும் விடமாட்டார்கள். ஆராவில் கொன்காட் காடு, ஹுங்கர்பெர்க், றொக்கன்ஹவுசன் எல்லாம் நடந்தே போகக்கூடிய தூரம். பயத்தில் பிள்ளையை மறிக்கிற பெற்றோரும் இருக்கினம். மறிக்க வேண்டாம். நீளக் காற்சட்டையும் மூடின சப்பாத்தும் போட்டு அனுப்புங்கோ.

உண்ணி மரத்திலிருந்து விழுவதில்லை. புல்லிலும் பற்றையிலும் காத்திருந்து, நாங்கள் உரசிப் போகும்போது ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் மார்ச் தொடக்கம் நவம்பர் வரை இதன் காலம். கடித்தால் நோகாது, அதுதான் தொல்லை. அன்று பின்னேரமே குளிக்கும்போது தேட வேண்டும்: முழங்காலின் பின்பக்கம், கவட்டுப் பக்கம், அக்குள், தொப்புள், காதின் பின்புறம், தலைமுடிக்குள். குஞ்சு உண்ணி எள்ளை விடச் சின்னன்; எங்கட தோலில் மச்சம் மாதிரித்தான் தெரியும். விரலால் தடவிப் பாருங்கோ. மறைவான இடத்தில் கடித்திருந்தால் வெட்கப்பட்டு ஒளிக்காமல் அம்மாவிடம் சொல்லுங்கோ.

கண்டால் உடனே எடுக்க வேண்டும். அட்டைக்கு உப்புப் போடுவது போல இதற்கு எண்ணெய், மண்ணெண்ணெய், தீக்குச்சி என்று எதுவும் வேண்டாம். முள்ளெடுக்கிற கூரான சாமணத்தால், தோலோடு ஒட்டினாற்போல் பிடித்து நேராக மெதுவாக இழுங்கோ. வயிற்றை நசுக்கக் கூடாது. பிறகு கிருமிநாசினி பூசுங்கோ. வாய் முள் கொஞ்சம் உள்ளே நின்றாலும் பதற வேண்டாம். இதற்கென்றே செய்த சாமணம் மருந்துக்கடையில், அதாவது 'அப்போதேக்க'வில் கிடைக்கும். உண்ணி கண்டால் ஆசிரியர் எடுக்கலாமா என்று கேட்டுப் பாடசாலையிலிருந்து கடிதம் வரலாம். விளங்காத கடிதம் என்று பையுக்குள்ளேயே வைத்திருக்காதேங்கோ.

எடுத்த திகதியையும் கடித்த இடத்தையும் கலண்டரில் எழுதுங்கோ. ஏனென்றால் முதலாவது வருத்தமான போரெலியோசின் அடையாளம் பெரும்பாலும் 3 நாள் தொடக்கம் 30 நாளுக்குள்தான் தோலில் தெரியும். கடித்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம், நாளுக்கு நாள் பெருக்கும். துண்டுப் பிரசுரங்களில் அதை வெள்ளைத் தோலில் சிவப்பு வளையமாகக் காட்டுவார்கள். எங்கட நிறத்தில் அது கபிலமாகவோ ஊதா கலந்தோ இருக்கலாம், சிவப்பே தெரியாமல் போகலாம். நிறத்தைப் பார்த்துக்கொண்டிருக்காமல், பெருக்கிறதா என்று பாருங்கோ. பேனாவால் ஓரத்தில் கோடு போட்டு, அல்லது ரெலிபோனில் படம் எடுத்து வைத்தால் வைத்தியருக்கும் காட்டலாம். வட்டம் வராமலே காய்ச்சல், மூட்டு நோ, முகத்தின் ஒரு பக்கம் இழுத்தல் வந்தாலும் வைத்தியரிடம் போக வேண்டும். இது பக்ரீரியாவால் வருவது. அந்தக் கிருமியைக் கண்டுபிடித்த வில்லி புர்க்டோர்ஃபர் பாசலில் பிறந்தவர். அன்ரிபயோட்டிக் குளிசையால் மாற்றலாம். சொன்ன நாள் முடியுமட்டும் குடிக்க வேண்டும். உண்ணி பல மணித்தியாலம் ஒட்டியிருந்த பிறகே இந்தக் கிருமி அதிகம் ஏறும். அன்றைக்கே தேடச் சொல்வது அதனால்தான்.

இரண்டாவது வருத்தம் மூளைக் காய்ச்சல், இங்கே 'எஃப்.எஸ்.எம்.இ' என்பார்கள். இது வைரசு, டெங்குவின் குடும்பம்தான். கடித்த உடனேயே ஏறக்கூடியது. கொல்லும் மருந்து கிடையாது. முதலில் தடிமன் காய்ச்சல் மாதிரி வந்து மாறும். சில பேருக்குச் சில நாளில் கடும் தலையிடி, கழுத்து விறைப்பு, தடுமாற்றம் என்று திரும்பி வரும். அப்போது உடனே ஆஸ்பத்திரி. நினைவு மங்கினால் 144.

இதற்குத் தடுப்பூசி உண்டு. 3 வயது தொடக்கம், காட்டுக்கும் புல்வெளிக்கும் போகிறவர்களுக்குப் போடச் சொல்கிறார்கள். மூன்று ஊசி. முதல் இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு மாதம், மூன்றாவது அதற்குப் பிறகு 5 தொடக்கம் 12 மாதத்துக்குள். போரெலியோசை இது தடுக்காது. ஊசி போட்ட பிள்ளையும் உண்ணி தேடத்தான் வேண்டும். அகதி விண்ணப்பம் முடியாதவர்களுக்கும் சுகாதாரக் காப்புறுதி உண்டு. முகாமில் இருப்பவர்கள் முதலில் பொறுப்பாளரிடம் சொல்லி, வைத்தியரிடம் நேரம் எடுங்கோ. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அப்போதே கேளுங்கோ. டொச் தெரியும் என்பதற்காகப் பத்து வயதுப் பிள்ளையைத் தாயின் வருத்தத்தை மொழிபெயர்க்க வைப்பது எனக்குப் பிடிக்காத காரியம்.

சாமணம் இரண்டு கொண்டு வந்திருக்கிறேன். ஒவ்வொருவராக வந்து, இந்தப் பஞ்சில் ஒட்டியிருக்கும் கசகசாவை நசுக்காமல் எடுத்துப் பாருங்கோ.